டோக்கியோவில் ஒரே ஒரு நாள்: அனிமே தயாராகும் விதத்தைப் பார்க்க எங்கே போகலாம்?

கேள்வி: விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், வயது 19. விடுமுறைக்கு டோக்கியோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன், எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் ஒதுக்க முடியும். அகிஹபரா போகலாமா? ஏதாவது ஸ்டூடியோவுக்குள் விடுவார்களா?

பதில்: அகிஹபராவை வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்த படங்களின் பொம்மையும் போஸ்டரும்தான் அங்கே கிடைக்கும், படம் எப்படி உருவாகிறது என்பது தெரியாது. ஸ்டூடியோக்களில் இன்னும் வெளிவராத படங்களின் வேலை நடந்துகொண்டிருக்கும் என்பதால், வெளியாட்களைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை. அனுமதி இல்லாமல் வாசலில் போய் நிற்க வேண்டாம்.

உங்கள் தேவைக்கு இரண்டு இடங்கள் போதும்: ஓகிகுபோவில் இருக்கும் சுகினாமி அனிமேஷன் அருங்காட்சியகம், மிதாகாவில் இருக்கும், ஜிப்லி என்ற அனிமே ஸ்டூடியோவின் அருங்காட்சியகம். இரண்டும் ஒரே சுவோ ரயில் பாதையில், மூன்று நிலையத் தூரத்தில் இருக்கின்றன. சுகினாமிக்குத் திங்கள் விடுமுறை, ஜிப்லிக்குச் செவ்வாய். அதனால் புதன் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளைப் பாருங்கள். பராமரிப்புக்காகச் சில நாட்கள் மூடுவதும் உண்டு, நாட்காட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் வேலை ஜிப்லி சீட்டு. வாசலில் விற்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி, ஜப்பான் நேரம் காலை 10 மணிக்கு அடுத்த மாதச் சீட்டுகளைத் திறக்கிறார்கள். நம் நேரப்படி அது காலை 6:30. நல்ல நேரங்கள் சீக்கிரம் போய்விடும். உங்கள் வயதுக்கு 1,000 யென். பிற்பகல் 2 மணிச் சீட்டாக எடுங்கள். போகிறவர் பெயரிலேயே சீட்டு இருக்கட்டும், பாஸ்போர்ட்டையும் எடுத்துப் போங்கள்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் ஒரு பயிற்சி. உங்களுக்குப் பிடித்த டிவி அனிமே ஒன்றில் ஐந்து நொடிக் காட்சியை எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். நொடிக்கு 24 ஃபிரேம், ஆனால் வரைந்த படங்கள் 24 இருக்காது. பெரும்பாலும் ஒரே படம் மூன்று ஃபிரேம்களுக்கு அப்படியே நிற்கும், அதாவது நொடிக்கு எட்டுப் படங்கள். பேசும் காட்சியில் முகம் அசையாது, வாய் மட்டும் மாறும். சண்டை வந்ததும் படங்களின் எண்ணிக்கை சட்டென்று கூடும். காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகாவின் குழு 1963-ல் டிவிக்கு வாரம் ஒரு அரைமணி நேர அத்தியாயம் கொடுக்கத் தொடங்கியபோது, கையில் இருந்த பணத்துக்கும் ஆட்களுக்கும் ஏற்ப வளர்த்தெடுத்த சிக்கனம் இது. எங்கே வரைய வேண்டும், எங்கே வரையாமல் விடலாம் என்ற இந்தக் கணக்குதான் அனிமேயின் அடிப்படை என்பது என் கருத்து. இது பிடிபட்ட பிறகு போனால், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு காகிதமும் உங்களோடு பேசும்.

அன்று காலை ஷின்ஜுகுவிலிருந்து சாதாரண விரைவு ரயிலில் ஏறுங்கள். 'சிறப்பு விரைவு' ரயில் ஓகிகுபோவில் நிற்காது. நிலையத்தின் வடக்கு வாசலிலிருந்து பேருந்தில் ஐந்து நிமிடம், நடந்தால் இருபது. சுகினாமியில் அனுமதி இலவசம், 10 மணிக்குத் திறக்கிறார்கள். இங்கே நின்று பார்ப்பதைவிட உட்கார்ந்து செய்வது முக்கியம். விளக்கு எரியும் மேஜையில் ஒரு படத்தின் மேல் காகிதம் வைத்து வரைந்து பாருங்கள். ஃபிளிப் புக் செய்து பாருங்கள்.

காட்சிக்கு இருக்கும், அனிமேட்டர்கள் கையால் வரைந்த மூலப் படங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். காகித விளிம்பில் மூன்று துளைகள் இருக்கும். நடுவில் இருப்பது வட்டம், இருபுறமும் நீளவாக்கில் இரண்டு. எத்தனை தாள்களை அடுக்கினாலும் படம் நகராமல் பிடித்துவைப்பது இவைதான். உருவத்தின் கோடுகள் கறுப்புப் பென்சிலில் இருக்க, நிழலும் வெளிச்சமும் எங்கே முடிகின்றன என்பதை நீலம், சிவப்பு போன்ற நிறக் கோடுகள் காட்டும். வண்ணம் தீட்டுபவருக்கான குறிப்பு அது. ஓரத்தில் சின்னச் சின்னக் கோடுகள் போட்ட அளவுகோல் மாதிரி ஒன்று தெரியலாம். இந்தப் படத்துக்கும் அடுத்த முக்கியப் படத்துக்கும் நடுவே எத்தனை படங்கள், எந்த இடைவெளியில் வர வேண்டும் என்று இடைப்படம் வரைபவருக்குச் சொல்வது அது. ஒரு அசைவு மெதுவாகத் தொடங்குகிறதா, வெடுக்கென்று பாய்கிறதா என்பது அந்தச் சின்னக் கோடுகளில்தான் இருக்கிறது.

மதியம் அதே ரயில் பாதையில் இருக்கும் கிச்சிஜோஜிக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இனோகஷிரா பூங்கா வழியாக நடந்தே ஜிப்லிக்குப் போய்விடலாம். உள்ளே புகைப்படம் எடுக்க விடமாட்டார்கள், ஸ்கெட்ச் புக் கட்டாயம் வேண்டும். அனிமேட்டரின் வேலை அறையை அப்படியே அமைத்திருக்கும் பகுதியில் நேரம் செலவிடுங்கள். சுவர் முழுக்க ஒட்டிய வரைபடங்கள், மேஜை மேல் பென்சில்கள், அலமாரியில் குறிப்புக்கான புத்தகங்கள் எல்லாம் இருக்கும். ஜிப்லியின் இயக்குநர் மியாசாகி முழுத் திரைக்கதையை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குபவர் அல்ல, ஸ்டோரிபோர்டு (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள்) வரைய வரையத்தான் அவருக்குக் கதை உருவாகும். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தச் சுவர்களைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் ஜிப்லி படக் கதாபாத்திரமான டோட்டோரோவின் பொம்மைகளை வட்டமாக அடுக்கிய சுழல்மேடை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொம்மையும் முந்தையதிலிருந்து இம்மியளவு மாறியிருக்கும், மேடை சுழலும்போது விட்டுவிட்டு மின்னும் விளக்கு அவற்றைக் குதிக்க வைக்கும். அது நிற்கும் வரை காத்திருந்து, நின்ற நிலையிலும் பாருங்கள். குறும்படம் ஒன்றும் போடுவார்கள். ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான்.

ஜிப்லி சீட்டு கிடைக்காவிட்டால் கவலைப்பட வேண்டாம். நெரிமாவில் தோயெய் அனிமேஷன் அருங்காட்சியகம் இருக்கிறது. 1956-ல் தொடங்கிய அந்த நிறுவனம்தான் 1958-ல் ஜப்பானின் முதல் முழுநீள வண்ண அனிமேஷன் படத்தைக் கொடுத்தது. மியாசாகி 1963-ல் வேலைக்குச் சேர்ந்ததும் அங்கேதான். அங்கே இகேபுகுரோ வழியாக ரயிலில் போனால், இகேபுகுரோவில் 2023-ல் திறந்த அனிமே டோக்கியோ ஸ்டேஷன் என்ற காட்சிக்கூடத்தையும் பார்த்துவிடலாம். அதற்கும் கட்டணம் கிடையாது. எப்படிப் போனாலும் சுகினாமியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.