வீட்டுக்கார அம்மா கொடுத்த கிம்ச்சியும் வேகவச்ச பன்றிக்கறியும்

தம்பி, கொரியாவுல சுவோன் நகரத்துக்கு வந்து ரெண்டே மாசத்துல வீட்டுக்கார அம்மா குளிர்காலத்துக்கு ஊறுகாய் போடற கிம்ஜாங் வேலையை முடிச்ச கையோட ஒரு டப்பா கிம்ச்சி, அதாவது உறைப்பான கோஸ் ஊறுகாய், கொடுத்திருக்காங்கன்னா நல்ல இடத்துலதான் குடியிருக்கீங்க. "சுயுக் வேகவச்சு இதோட சாப்பிடு"ன்னாங்களாம். சுயுக்னா மசாலாவே இல்லாம வேகவச்ச பன்றிக்கறியாச்சே, வாடை அடிக்காதா, எப்படிச் செய்யறதுன்னு கேட்டிருக்கீங்க.

பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எனக்கும் அதே சந்தேகம்தான். கொதிக்கிற பானையில மஞ்சத்தூளும் மிளகாத்தூளும் அள்ளிப் போட்டுட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஒரு துண்டு தின்னுட்டு, "நல்லாருக்கே, இது என்ன இந்தியச் சமையல்?"னு கேட்டாங்க. சுயுக்னு சொல்ல எனக்கு வாய் வரல.

சுயுக்கைச் சோறுன்னு வச்சுக்கங்க, கிம்ச்சிதான் குழம்பு. உப்பு, உறைப்பு, புளிப்பு, பூண்டு எல்லாம் அதுலயே இருக்கு. சோறு வடிக்கும்போது யாராச்சும் மிளகாத்தூள் போடுவாங்களா? அதுவும் கிம்ஜாங்னா நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்துல குடும்பமே உக்காந்து குளிர்காலத்துக்கான கிம்ச்சியைப் போட்டு வைக்கிற வேலை. 2013-ல யுனெஸ்கோ பட்டியல்லகூடச் சேர்த்தாங்க. அன்னிக்கு இடுப்பொடிய வேலை பார்த்தவங்களுக்குச் சாயங்காலம் இந்தக் கறிதான் கூலி. புதுக் கிம்ச்சிக்கும் இதுக்கும் அப்படி ஒரு பொருத்தம். பழுத்துப் புளிச்ச பிறகு அதைச் சூப்புக்கு வச்சுக்கலாம்.

கறிக்கடையில "சுயுக்யோங்" வேணும்னு சொன்னாலே போதும், வேகவைக்கிறதுக்குன்னு புரிஞ்சுக்குவாங்க. சம்கியோப்சல்ங்கிற வயித்துக்கறி கொழுப்பும் சதையும் அடுக்கடுக்கா வரும், ருசி, ஆனா விலை. மொக்சல் கழுத்துக்கறி. மாணவர் பைக்கு அப்தாரி, அதாவது முன்னங்கால், தோலோட வாங்குங்க. நான் இன்னிக்கும் அதைத்தான் வாங்கறேன், தோல் பிசுபிசுன்னு வெந்து வரும்போது வயித்துக்கறியெல்லாம் ஞாபகத்துக்கே வராது. பொடிசா வெட்டச் சொல்லிடாதீங்க. 1 கிலோவை ரெண்டு கட்டியா விட்டாப் போதும்.

2 லிட்டர் தண்ணியில 2 மேசைக்கரண்டி தெவன்ஜாங் கரைங்க. அது இவங்க ஊரு சோயா விழுது, எந்தக் கடையிலயும் கிடைக்கும். வாடையைப் பிடிச்சுக்கிறது முக்கியமா அதுதான். ஒரு வெங்காயம், முழுப் பூண்டு ஒண்ணு, தட்டுன இஞ்சி, பெரிய வெங்காயத்தாள், பத்துப் பதினஞ்சு மிளகு, பிரிஞ்சி இலை ரெண்டு. அரை மேசைக்கரண்டி காபித்தூளும் போடுவாங்க, நிறமும் வரும். பாலும் சர்க்கரையும் கலந்த குச்சிப் பாக்கெட் வேணாம், வெறும் தூள். மிச்சம் கிடக்கற சோஜு (கொரியச் சாராயம்) இருந்தா அரை கிளாஸ் ஊத்துங்க.

தண்ணி நல்லாக் கொதிச்சப்புறம் கறியை உள்ள போடுங்க. முதல் 20 நிமிஷம் மூடாம விடுங்க, வாடை ஆவியோட போயிடும். அப்புறம் மூடி, தீயைக் குறைச்சு இன்னும் 40 நிமிஷம். தடிமனான இடத்துல சாப்ஸ்டிக்கைக் குத்துங்க. தடையில்லாம இறங்கி, தெளிஞ்ச சாறு வந்தா வெந்தாச்சு. சிவப்பா வந்தா இன்னும் பத்து நிமிஷம். ஒத்தை ரூம்லதான் இருக்கீங்கன்னு நினைக்கறேன், அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி குளிர் ஜாக்கெட்டை எடுத்து அலமாரியில பூட்டிடுங்க. இல்லைன்னா மறுநாள் லேப் முழுக்க நீங்க என்ன சமைச்சீங்கன்னு தெரிஞ்சுடும்.

நான் அடிக்கடி சொதப்பறது இதுக்கப்புறம்தான். பசியில சுடச்சுட எடுத்து வெட்டுவேன், உதிர்ந்து போகும். அடுப்பை அணைச்சு அந்தத் தண்ணியிலயே 10 நிமிஷம் விடுங்க. எடுத்து, நார் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பார்த்து அதுக்குக் குறுக்கா, சுண்டுவிரல் கனத்துல பாதி வர்ற மாதிரி போடுங்க.

தொட்டுக்க சேயுஜோத். நம்ம கூனி இறாலை உப்புல ஊறப்போட்ட மாதிரி. துளி போதும், கரிக்கும். சீனக் கோஸோட உள் இலை, அது மேல கறி, ஒரு இறால், பூண்டு வில்லை, கிம்ச்சி. மடிச்சு ஒரே வாய்ல போட்டுடணும், பாதியில கடிச்சா முழங்கை வரைக்கும் வழியும்.

மிஞ்சினது ஃபிரிட்ஜ்ல கல்லாயிடும். மைக்ரோவேவ்ல வச்சா ரப்பர். இட்லிப் பானை கொண்டு வந்திருந்தா தட்டுல வச்சு ஆவி காட்டுங்க, அப்பத்தான் இறக்கின மாதிரி இருக்கும்.

அப்புறம், அந்த டப்பாவை வெறுமனே திருப்பிக் கொடுத்துடாதீங்க. ஊர்லேர்ந்து கொண்டு வந்த முறுக்கு மிச்சம் இருந்தா நாலு போடுங்க. எவ்வளவு கழுவினாலும் கிம்ச்சி வாசனை போகாது, முறுக்கை ஒரு கவர்ல கட்டிப் போடுங்க.