பிரெஞ்சு ஓவியர் ராவுல் டுஃபியின் கடைசித் துறைமுக ஓவியங்களில் கப்பல் ஏன் கறுப்பாக இருக்கிறது?

குதிரைப் பந்தயம், பாய்மரப் படகு, நீலக் கடல் என்று கொண்டாட்டமாக வரைந்துகொண்டிருந்தவர், கடைசிக் காலத்தில் துறைமுகத்தின் நடுவே கரிக்கட்டை போன்ற ஒரு சரக்குக் கப்பலைத் திரும்பத் திரும்ப வரைந்தது நோயும் முதுமையும் தந்த மனச்சோர்வினாலா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நோய் உண்மை. சோர்வு என்பதை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கறுப்பில் எனக்குத் தெரிவது உச்சி வெயில்.

டுஃபி 1877இல் பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுக நகரில் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு. பதினான்கு வயதில் காப்பிக்கொட்டை இறக்குமதி செய்யும் நிறுவனத்தில் வேலைக்குப் போனார்; மாலையில் நகராட்சி ஓவியப் பள்ளி. முதலில் மற்ற இளைஞர்களைப் போல ஒளியைச் சிறு தீற்றல்களில் பிடிக்கும் இம்ப்ரெஷனிச வழியில் கடற்கரைகளை வரைந்தார். 1905இல் ஓவியர் மத்தீஸின் ஓர் ஓவியத்தைப் பார்த்தபின் வண்ணங்கள் கொதிக்கத் தொடங்கின. 1908இல் சக ஓவியர் பிராக்குடன் தெற்கே லெஸ்தாக்கில் இருந்தபோது கொதிப்பு அடங்கி, மரமும் வீடும் கட்டம் கட்டமாக இறுகின. பிராக் அந்த வழியே, உருவங்களைக் கட்டங்களாக உடைக்கும் கியூபிசத்துக்குப் போய்விட்டார். டுஃபி பாதி வழியில் திரும்பிவிட்டார்.

திரும்பி எங்கே போனார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. துணிக்கு! அப்போலினேரின் கவிதைகளுக்கு மரச்செதுக்குப் படங்கள் செய்திருந்தவரை ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே துணி அச்சிட அழைத்துக்கொண்டார். பிறகு 1912 முதல் 1928 வரை பியான்கினி ஃபெரியே என்ற பட்டு நிறுவனத்துக்கு டிசைன்கள் வரைந்தார். ‘அலங்காரக்காரர்’ என்று அவரை ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் அவருடைய பாணி அங்கேதான் விளைந்தது என்பது என் கட்சி.

நான் இருபது வருடம் அச்சகத்தில் இருந்தவன். பலவண்ண அச்சில் ஒவ்வொரு நிறமும் தனித்தனியாக விழும். தாள் அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் உதட்டுச் சிவப்பு தாடைக்கு இறங்கிவிடும். அந்தத் தாள் கழிவுக் கட்டுக்குப் போகும். ஒரு பழைய பத்திரிகையில் டுஃபியின் படகுப் படத்தை முதலில் பார்த்தபோது ‘எவனோ கவனிக்காமல் ஓட்டிவிட்டான்’ என்றே நினைத்தேன். படகின் கோடு ஓரிடத்தில், அதன் நிறம் வேறிடத்தில். பழக்கதோஷத்தில் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஓவியரின் கையெழுத்து கத்தரித்ததுபோல் கூர்மையாக இருந்தது. படத்தின் நான்கு விளிம்புகளிலும் நிறம் பிதுங்கவில்லை. அச்சு சரி; ஆள்தான் வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார்.

இதற்கு அவர் தரப்பில் ஒரு கதை உண்டு. ஓன்ஃபிளர் படகுத்துறையில் சிவப்பு உடுப்போடு ஒரு சிறுமி ஓடிப் போனாளாம். அவள் உருவம் மறைந்த பிறகும் சிவப்பு மட்டும் கண்ணில் நின்றதாம். நிறம் கண்ணில் தங்கும் நேரம் வேறு, கோடு தங்கும் நேரம் வேறு என்றால், இரண்டையும் ஒரே இடத்தில் கட்டிப்போடுவானேன்? 1920களுக்குப் பிறகு அவர் வரைந்த பெரும்பாலான படங்கள் இந்தக் கேள்வியில் ஓடுகின்றன. 1937 பாரிஸ் கண்காட்சிக்கு 250 பலகைகளில், 600 சதுர மீட்டரில் வரைந்த மின்சாரத் தேவதையிலும் இதே விலகல்தான்.

அதற்குள் மூட்டுவாதம் வந்துவிட்டது. விரல்கள் வீங்கிக் கோணின. 1950இல் பாஸ்டனுக்குப் போய், அப்போது புதிதாக வந்திருந்த கார்ட்டிசோன் சிகிச்சை பெற்றார். கைகள் ஓரளவு திரும்பின. பிறந்த ஊரோ 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் தரைமட்டமாகிவிட்டது. கறுப்புக் கப்பல்களை அவர் தெற்கிலிருந்துகொண்டு, நினைவிலிருந்து வரைந்தார். சோகக் கதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிவப்பு வயலினை அவர் வரைந்ததும் 1948இல், இதே வலியோடுதான். அதை யாரும் நோயின் கணக்கில் எழுதுவதில்லை.

உச்சியில் நிற்கும் சூரியன் கறுப்பு என்பது டுஃபியின் எண்ணம்: நேரே பார்த்தால் கண் கூசி, எதுவும் தெரியாமல் போகிறது. தமிழில் இதை விளக்கவே தேவையில்லை. வெயிலில் நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்றுதானே சொல்கிறோம்? நண்பகலில் ஒளி வரும் திசையை நோக்கித் துறைமுகச் சுவரில் நின்று, எதிரே வரும் கப்பலின் நிறம் என்ன என்று சொல்லிப் பாருங்கள்.

லியோன் அருங்காட்சியகத்தில் உள்ள 1952ஆம் ஆண்டுக் கறுப்புக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிய கறுப்புத் திட்டு. கப்பலின் உடலும் பாய்க்கம்பமும் அந்தக் கறுப்பின் மேல் வரையப்பட்டவை அல்ல. கறுப்பைக் கீறி எடுத்தவை. கடலும் கரையும் வழக்கம்போல் கோட்டை விட்டு வழிந்துகொண்டிருக்கின்றன. கப்பலில் மட்டும் அந்த விலகல் சாத்தியமே இல்லை. வண்ணத்தைச் சுரண்டிய இடம்தான் கோடு. முப்பது வருடம் தனித்தனியே ஓடவிட்ட இரண்டும் இங்கே ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு மார்ச்சில் அவர் இறந்தார்.

இந்தப் படத்துக்கும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எங்கள் மெஷின்மேன் பார்த்திருந்தால் ‘சரியாக விழுந்திருக்கிறது, ஓட்டு’ என்று சொல்லியிருப்பார்.