பழைய மென்பொருளை ஒரேயடியாக மாற்றலாமா, பகுதி பகுதியாக மாற்றலாமா?

வாகன நிறுவனமொன்றில் பல ஆண்டுகளாக ஓடும், ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தளக் கருவியில் எழுதிய மென்பொருளை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும் விதத்தைப் பார்த்தால், ஒரேயடியாக மாற்ற மேலிடம் ஏற்கெனவே திகதி குறித்துவிட்டது என்றே நினைக்கிறேன். அந்தத் திகதிக்குச் சம்மதிக்காதீர்கள்.

திருகோணமலையில் ஒரு வாகன நிறுவனக் கிளையின் கணினி வேலைகளைப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம். 2021இல் எங்கள் தலைமையகம் ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் மாற்றியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலேயே நின்றிருந்தது. இருக்கிற வேனுக்கு உதிரிப்பாகம் போட்டுத்தான் பிழைப்பை ஓட்ட வேண்டிய காலம்.

திங்கள் காலையே கிண்ணியாவிலிருந்து ஒரு டொயோட்டா டொல்பின் வேன் சாரதி முன் பிரேக் பேட் கேட்டு வந்தார். பாகத்தின் இலக்கத்தைத் தட்டினேன், ‘இருப்பு இல்லை’ என்றது திரை. களஞ்சியப் பொறுப்பாளர் உள்ளே போய் இரண்டு பெட்டிகளை எடுத்துவந்து மேசையில் வைத்தார். முப்பது வருடமாக அந்தத் தட்டுகளுக்கு நடுவில் நின்றவர். “தம்பி, கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லச் சொல்கிறாயா?” என்று கேட்டார். கணினி ஏற்காத சாமானுக்குப் பற்றுச்சீட்டுப் போட வழியில்லை. சாரதி வெறுங்கையோடு திரும்பினார்.

பெட்டியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் விளங்கியது. டொயோட்டாவின் முன் பிரேக் பேட் இலக்கங்கள் 04465 என்று தொடங்கும். ஐந்து இலக்கம், ஒரு சிறு கோடு, மறுபடி ஐந்து. தரவை மாற்றியவர்கள் கோட்டை எடுத்துவிட்டு எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். கோடு போனதும் எக்செல் அதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் இருந்த பூச்சியத்தை விழுங்கிவிட்டது. எஞ்சின் கேஸ்கட் தொகுதிகளும் 04இல் தொடங்குபவை, அவையும் போயின. பிறகு வந்த சரக்கை முன்பூச்சியம் உள்ள சரியான இலக்கத்தில் பதிந்தார்கள். ஒரே சாமானுக்கு இரண்டு பதிவு; புதிய சரக்கு விற்றுத் தீர்ந்ததும் பழைய பதிவில் 14, புதியதில் 0. தட்டில் சரக்குத் தூசி படிந்து கிடக்க, கொழும்புக்கு மறுபடியும் ஓடர் போனது.

‘அப்படியானால் பழையதையே கட்டி அழச் சொல்கிறாயா’ என்று யாராவது வருவார்கள். இல்லை. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2015 ஜனவரியோடு முடித்துக்கொண்டது. அதில் ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது. மாற்றத்தான் வேண்டும். ஆஸ்திரேலியாவில் மரங்களைச் சுற்றி வளரும் அத்திகளைக் கண்ட மென்பொருள் வல்லுநர் மார்ட்டின் ஃபவுலர், பழையது ஓடும்போதே புதியதைப் பகுதி பகுதியாக வளர்க்கும் வழியை 2004இல் அவற்றை வைத்தே விளக்கினார். நம் ஊரில் பனையைப் பற்றி ஆல் வளர்வதும் அப்படித்தான்: பனை நிற்கும்போதே ஆல் வேர் விடும். நாங்களும் பழையதை மீண்டும் ஓடவிட்டு, இருப்புத் தேடலை மட்டும் முதலில் புதியதற்கு நகர்த்தினோம். தினமும் கடை மூடியபின் இரண்டின் பட்டியலையும் அச்செடுப்பேன். பொறுப்பாளர் சிவப்புப் பேனையோடு உட்காருவார். ஏழு வாரம் ஒரு சிவப்புக் கோடும் விழாத பிறகே பற்றுச்சீட்டைத் தொட்டோம். சிறிய கடைக்கு இவ்வளவு தேவைப்படாது என்றால் அதை ஏற்கிறேன். கிளைகள் உள்ள நிறுவனத்தைப் பற்றித்தான் சொல்கிறேன்.

இனிச் சொல்வது கேள்விக்கு வெளியே, ஆனாலும் சொல்லியாக வேண்டும். பழைய மென்பொருளில் வாடிக்கையாளர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றுவது பெரிய வேலையே அல்ல. நானே செய்து தருகிறேன் என்று இரண்டு முறை எழுதினேன். பழுதான தரவு என்று அழித்துவிட்டு, எல்லாரையும் ஆங்கிலத்தில் புதிதாகப் பதிந்தார்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே அரசியலமைப்பில் எழுதியாயிற்று. தனியார் நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது என்பீர்கள், தெரியும். மூதூரிலிருந்து வந்த அம்மா ஒருவர் சீட்டை என்னிடம் நீட்டி, “இதில் எங்கள் பெயர் எங்கே இருக்கிறது, மகன்?” என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த இடத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.