ஆறு நாளில் மூன்று தீவு வேண்டாம், அண்ணா

கேள்வி: பணி ஓய்வு பெற்ற நண்பர்கள் நால்வர் வாரந்தோறும் கோல்ஃப் ஆடுகிறோம். தீபாவளி முடிந்த கையோடு லங்காவி, புக்கெட், பிந்தான் மூன்றுக்கும் போய், ஆறு நாளில் ஐந்து ஆட்டம் ஆட ஆசை. மனைவிமாரும் வருகிறார்கள், அவர்கள் கோல்ஃப் ஆடுவதில்லை. எப்படித் திட்டமிடுவது?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அண்ணா, உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. முப்பது வருடம் வேலை வேலை என்று ஓடியவர்களுக்குக் கடலோரத்தில் நின்று ஒரு பந்து அடிக்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா? ஆனால் தீவுக்கு முன்னால் மாதத்தைப் பார்க்க வேண்டும். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் லங்காவியில் மழை முழுதாக விட்டிருக்காது. தாய்லாந்தின் புக்கெட்டில் அப்போதுதான் வெயில் தலைகாட்டத் தொடங்கும். இந்தோனேசியாவின் பிந்தானிலோ நவம்பரிலிருந்து ஜனவரி வரை நல்ல மழை.

அக்டோபர் மாதம் ஒரு தீவில் நான் பட்ட அனுபவத்தைச் சொல்கிறேன். பதினோராவது ஹோலில் (குழியில்) நிற்கும்போது இடி எச்சரிக்கைச் சைரன் ஒலித்தது. மட்டைகளைப் பக்கியிலேயே (மைதானத்துச் சிறு வண்டியிலேயே) விட்டுவிட்டுக் கொட்டகைக்கு ஓடினோம். ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எதிரே ஃபேர்வே புல்வெளி வாய்க்கால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டு ஹோல் முழு ஆட்டத்துக்குப் பணம் கட்டிப் பத்து ஹோல் ஆடிவிட்டுத் திரும்பினோம். சைரன் கேட்டும் "இந்த ஒரு ஷாட் மட்டும்" என்று யாராவது நின்றால் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள். நம் நாட்டு மின்னலோடு விளையாடக் கூடாது.

அதனால் பொங்கல் முடியட்டும், லங்காவிக்கு மட்டும் போங்கள். ஜனவரியும் பிப்ரவரியும் அங்கே வறண்ட மாதங்கள். சீனப் புத்தாண்டு வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், எல்லா விலையும் ஏறியிருக்கும். இன்னொன்று: லங்காவி இருக்கும் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஞாயிறு வேலைநாள். எந்த நாளுக்கு வார இறுதிக் கட்டணம் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

லங்காவியின் தெலுக் டத்தாயில் கோல்ஃப் வீரர் எர்னி எல்ஸ் வடிவமைத்து 2014-இல் திறந்த மைதானத்தைத்தான் நான் சொல்வேன். பின்னால் மழைக்காடும் மச்சின்சாங் மலையும், முன்னால் அந்தமான் கடல். அங்கே பங்கர் என்கிற மணற்குழியே கிடையாது. பெய்கிற மழைக்கு மணல் நிற்காது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். மணலுக்குப் பயந்தவர்களுக்கு நிம்மதிதான், ஆனால் காட்டுக்குள் போன பந்து போனதுதான். ஆளுக்கு ஒரு டஜன் பந்து கொண்டு போங்கள். பக்கியில் பழமோ பிஸ்கட்டோ திறந்து வைக்காதீர்கள், குரங்கு வந்து எடுத்துக்கொண்டு போய்விடும்.

ஐந்து ஆட்டம் வேண்டாம், இரண்டு போதும். இரண்டையும் அதே மைதானத்தில் ஆடுங்கள். முதல் நாள் கண்ணெல்லாம் கடல் மேல்தான் இருக்கும். காற்று எங்கே திரும்புகிறது, குழியைச் சுற்றிய கிரீன் புல்தரை எந்தப் பக்கம் சரிகிறது என்பதெல்லாம் இரண்டாவது தடவைதான் பிடிபடும். அந்த ஆட்டம்தான் மனதில் நிற்கும். நடுவில் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். டீ டைம், அதாவது ஆட்டம் தொடங்கும் நேரம், காலை ஏழரைக்குள் கிடைத்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஆட்டம் முடிந்துவிடும், வெயிலும் முழுதாக ஏறியிருக்காது.

சரி, அண்ணிமார் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது, அது எனக்கு உறுத்தியது. தெலுக் டத்தாய் தீவின் வடமேற்கு மூலை. கடைத்தெருவுக்கு வர நல்ல தூரம். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால் நால்வரும் அறையிலேயே அடைந்து கிடக்க வேண்டியதுதான். அதனால் உங்களுக்கு ஒரு வேன், அவர்களுக்குத் தனியாக ஒரு கார் என்று வாடகைக்கு எடுங்கள். எப்படியும் மைவி மாதிரிச் சின்னக் காரில் நான்கு கோல்ஃப் பை ஏறாது. ஆட்ட நாட்களில் அவர்கள் பசியாறிவிட்டுக் குவா நகரத்து வரியில்லாக் கடைகளில் பாத்திரம் பண்டம் பார்க்கட்டும். இடைப்பட்ட நாளில் எட்டுப் பேரும் சேர்ந்து கேபிள் காரில் ஏறுங்கள், கிலிம் சதுப்புநிலக் காட்டுக்குப் படகில் போங்கள். அன்று யாரும் ஸ்கோர் பேச வேண்டாம், அண்ணா.

விமானத்துக்கு: கோல்ஃப் பையை விளையாட்டுப் பொருளாக டிக்கெட்டோடு சேர்த்தே பதிவு செய்யுங்கள், கவுன்டரில் போய்க் கட்டினால் கூடுதலாகும். ஒருமுறை என் டிரைவர், அதாவது பையிலேயே நீளமான மட்டை, இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து டிரைவரைவிட நான்கு விரல் நீளமான துடைப்பக் கட்டை ஒன்றைப் பைக்குள் செருகிவிடுகிறேன். பை தலைகீழாக விழுந்தாலும் அடியைக் கட்டை வாங்கிக்கொள்ளும். தலை கழற்றும் டிரைவராக இருந்தால் கழற்றித் துண்டில் சுற்றி நடுவில் வையுங்கள்.

புக்கெட்டை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே புளூ கேன்யன் மைதானத்தில்தான் 1998-இல் டைகர் வூட்ஸ் எட்டு ஷாட் பின்தங்கியிருந்து எழுந்து, சமநிலையை முறிக்கும் பிளே-ஆஃபில் இதே எர்னி எல்ஸை வென்றார். லங்காவியில் ஆடிவிட்டு அங்கே போனால் அந்தக் கதைக்கு இன்னும் ருசி கூடும். புக்கெட் மைதானங்களில் பெரும்பாலும் பை சுமக்கும் கேடி உதவியாளர் கட்டாயம், அவர்களுக்கு டிப்ஸ் தனியாக எடுத்து வையுங்கள். பிந்தானுக்கு விமானம், ஃபெர்ரி, குடிநுழைவு வரிசைகள் என்று பையைத் தூக்கித் தூக்கி இறக்கியே அரை நாள் போய்விடும். கோல்ஃப் வீரர் கேரி பிளேயர் வடிவமைத்த ரியா பிந்தான் மைதானம் அந்தச் சிரமத்துக்குத் தகும், ஆனால் ஆண்டின் நடுப்பகுதியில், அதற்கென்றே மூன்று நாள் ஒதுக்கிப் போங்கள்.

இன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் நாட்காட்டியை எடுத்து மேசையில் வையுங்கள். எந்த வாரம் தோதுப்படும் என்று அண்ணி சொல்லட்டும். அப்புறம் அந்த வாரத்துக்கு டீ டைம் கேட்டு எழுதுங்கள்.