பட்டுக்கு இயற்கைச் சாயம் போடுறதுக்கு முன்னாடி படிகாரம் எதுக்கு?

படிகாரத்துல இருக்குற அலுமினியம் ஒரு பக்கம் பட்டு நூலையும் மறுபக்கம் சாயத்தையும் பிடிச்சுக்கும், அதனாலதான் துவைச்சாலும் கலர் சீக்கிரம் போகாது. குங்குமம் நிக்கணும்னு நெத்தியில முதல்ல மெழுகு தடவுவாங்களே, அதே மாதிரிதான். 100 கிராம் பட்டுக்கு 10லேர்ந்து 15 கிராம் படிகாரம் போதும்.

நான் முதல் தடவை வெங்காயச் சருகை இரும்புச் சட்டியில காய்ச்சிட்டேன், தங்க மஞ்சளா வரவேண்டிய துணி பாசி நிறத்துல இருண்டு வந்துச்சு, இரும்பும் சாயத்தோட சேர்ந்துக்கும்னு அப்பதான் புரிஞ்சுது, அடுத்த தடவை எவர்சில்வர் பாத்திரத்துல செஞ்சப்போ வந்த மினுமினுப்பு இருக்கே, அடடா! கம்பளி நூலுக்கும் இதே முறைதான், ஆனா சூட்டோட பச்சத்தண்ணில முக்கிடாதீங்க, சுருங்கிக் கட்டியாயிடும்.

கல்லுப்பு போட்டாலே சாயம் நிக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க, வெங்காயச் சருகு மாதிரி இயற்கைச் சாயத்துக்கு உப்பு படிகாரத்தோட வேலையச் செய்யாது.