போஸ்டர் வேணாம், பிபி மெஷின் எடுத்துட்டு வாங்க

வணக்கம் அண்ணா, எங்க யூனிவர்சிட்டில இதய ஆரோக்கியம் பத்தி ஸ்டூடண்ட்ஸ்கிட்ட பேசற வேலைய என் தலையில கட்டிட்டாங்க. இருபது வயசுல ஹார்ட் அட்டாக்கான்னு சிரிக்கிறாங்க. போஸ்டர் ஒட்டினா திரும்பிக்கூட பாக்கல. என்ன பண்றது?
- ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சிக்கு,

சிரிக்கத்தான் செய்வாங்க, அந்த வயசுல நானும் சிரிச்ச ஆளுதான். ஆனா சிரிக்கற விஷயம் இல்ல. கொரியா போர்ல செத்துப்போன அமெரிக்க சோல்ஜர்ஸ் 300 பேரோட இதயத்த அறுத்துப் பாத்த ரிப்போர்ட் 1953-ல வந்துச்சு, சராசரி வயசு 22, அதுல முக்கால்வாசிக்கும் மேல இதய ரத்தக்குழாய்ல கொழுப்பு படிய ஆரம்பிச்சிருந்துச்சு. போருக்கு அனுப்பற அளவுக்கு திடமா இருந்த பசங்க! அறுபதுல வர்ற வியாதி இருபதுலயே சத்தமில்லாம வேலைய ஆரம்பிச்சிடுது.

இத நீங்க தெரிஞ்சு வச்சுக்கங்க, மைக் புடிச்சு சொல்லி பயமுறுத்தாதீங்க. பயம் ரெண்டு நாள் இருக்கும், அப்புறம் எக்ஸாம் வந்துடும்.

அதே 1953-ல லண்டன் மாடி பஸ் ஊழியர்களப் பத்தி ஜெரி மாரிஸ்னு ஒரு டாக்டர் எழுதினார். டிரைவர் நாள் பூரா உக்காந்தே இருக்கார், கண்டக்டர் படி ஏறி இறங்கிட்டே இருக்கார், மாரடைப்பு கண்டக்டருக்குத்தான் கம்மி. ஜிம் கிடையாது, டயட் கிடையாது, வேலையே அப்படி. உங்க பசங்களுக்கும் இதான் வழின்னு நினைக்கிறேன். வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடந்தா போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஒரே மூச்சுல நடக்கணும்னுகூட இல்ல, மூணாவது மாடி கிளாசுக்கு படி ஏறினாலும் கணக்குல வரும். குரூப் டிஸ்கஷன நடந்துகிட்டே பண்ணச் சொல்லுங்க, தனியா நடன்னா எவனும் நடக்கமாட்டான்.

தூக்கம்தான் கஷ்டம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன நோண்டறவன்கிட்ட இதயம்னு ஆரம்பிக்காதீங்க, ஏழு மணி நேரம் தூங்கினா படிச்சது மண்டையில நிக்கும்னு சொல்லுங்க, காது குடுப்பான். சிகரெட்டுக்கு மட்டும் சமாதானமே கிடையாது, ஒண்ணு ரெண்டுதானேன்னு சொல்றவனுக்கும் ஆபத்துதான்.

போஸ்டர் காச மிச்சம் பண்ணி ஒரு பிபி மெஷின் வாங்குங்க. தன்னோட நம்பர் என்னன்னு பாக்க எல்லாருக்கும் ஆசை இருக்கும், வரிசையில நிப்பாங்க. அஞ்சு நிமிஷம் சும்மா உக்கார வச்சுட்டுப் பாருங்க, காபியோ சிகரெட்டோ குடிச்ச கையோட வந்தவன அரை மணி கழிச்சு வரச்சொல்லுங்க. 120/80-க்கு மேல வந்தா உடனே பீதியக் கிளப்பாதீங்க, இன்னொரு நாள் திரும்பப் பாருங்க, அப்பவும் ஜாஸ்தின்னா டாக்டர்கிட்ட அனுப்புங்க. கைப்பட்டை ரெண்டு சைஸ்ல வாங்கிடுங்க, குண்டு கைக்கு சின்னப் பட்டை சுத்தினா இல்லாத பிபிய காட்டும்.