கடலடி எண்ணெய்க் கிணற்றை உடனே அடைத்துவிட முடியாதா?

“கடலடியில் எண்ணெய்க் கிணறு பீறிடும்போது கனமான மூடி ஒன்றை இறக்கியோ, சிமென்ட்டைக் கொட்டியோ அடைத்துவிடலாமே, மாதக்கணக்கில் ஏன் போராடுகிறார்கள்?” என்று பொறியியல் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கிணற்றை வெறும் ஓட்டையாக நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. பல கிலோமீட்டர் ஆழத்தில், பாறையின் நுண்துளைகளுக்குள் எண்ணெயும் எரிவாயுவும் பேரழுத்தத்தில் அடைபட்டிருக்கின்றன. துளையிடும்போது அவற்றை மேலே வரவிடாமல் தடுப்பது, துளையை நிறைத்திருக்கும் அடர்ந்த சேற்றின் எடைதான். அந்த எடை குறைந்தால் கிணறு பீறிடும்; அதை மீண்டும் உள்ளே ஏற்றினால்தான் அடங்கும். பாய்ந்து வரும் எண்ணெய்க்குள் சிமென்ட்டைச் செலுத்தினால், இறுகும் முன்பே அடித்துக்கொண்டு போய்விடும்.

2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் துரப்பண மேடை வெடித்து 11 பேர் உயிரிழந்தனர். அங்கிருந்த மக்கோண்டோ கிணற்றின் வாய் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் இருந்தது. மூழ்குவோர் இறங்க முடியாத அந்த ஆழத்தில், ஒவ்வொரு திருகையும் மேலே கப்பலிலிருந்து இயக்கப்பட்ட ரோபோக்களே திருக வேண்டியிருந்தது. மே மாதத் தொடக்கத்தில் சுமார் 100 டன் எடையுள்ள எஃகுக் கூண்டைக் கசிவின் மேல் கவிழ்த்தார்கள். அந்தக் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேன் வாயு நீரோடு கலந்து பனிக்கட்டி போன்ற ஹைட்ரேட்டாக உறைந்து, எண்ணெய் வெளியேற வேண்டிய மேல்வாயை அடைத்துவிட்டது. அது நீரைவிட இலேசானது என்பதால், கூண்டையே மேலே தூக்கவும் பார்த்தது. மாத இறுதியில், நீரைப் போல ஏறக்குறைய இருமடங்கு அடர்த்தியுள்ள சேற்றை மேலிருந்து செலுத்தினார்கள். கீழிருந்து வந்த வேகம் அதையும் வெளியே தள்ளியது.

ஜூலை 15 அன்று, வால்வுகள் பொருத்திய புதிய மூடித் தொகுதி ஒன்றால் பாய்ச்சல் நின்றது. பெரும்பாலோர் கவனிக்காத கட்டம் இதற்குப் பிறகுதான் வருகிறது. என் பார்வையில் மிகக் கடினமான தீர்மானமும் அங்கேதான் இருந்தது. கிணற்றுக்குள் இறக்கப்பட்ட உறைக்குழாய் எங்காவது உடைந்திருந்தால், மேலே மூடப்பட்ட எண்ணெய் பக்கவாட்டில் பாறையைப் பிளந்து கடல்தரையில் பல இடங்களில் வெளிப்படும். அதன் பிறகு மூடுவதற்கு வாய் என்று ஒன்று இருக்காது. ஆகவேதான் வால்வைச் சிறிது சிறிதாக மூடி, அழுத்தமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் உறுதியாக இருந்தால் சதுர அங்குலத்துக்கு 7,500 பவுண்டுக்கு மேல் ஏறும் என எதிர்பார்த்தது 6,700-ஐ ஒட்டியே நின்றது. உடைப்பா, அல்லது இத்தனை நாள் பாய்ந்ததால் எண்ணெய்த் தேக்கத்தின் அழுத்தமே குறைந்துவிட்டதா? அழுத்தம் மெல்ல மெல்லத் தொடர்ந்து ஏறியதும், கடல்தரையில் புதிய பெருங்கசிவு தென்படாததும் இரண்டாவது விளக்கத்துக்கே இடமளித்தன.

பாய்ச்சல் நின்றிருந்ததால், ஆகஸ்ட் தொடக்கத்தில் சேற்றை மெதுவாக ஏற்ற முடிந்தது. பின்னர் சிமென்ட்டும் இறுகியது. எனினும் பழைய கிணற்றின் அடியைச் சென்றடைவதற்காக மே மாதத்திலேயே தோண்டத் தொடங்கிய துணைக் கிணற்றைக் கைவிடவில்லை. மேலிருந்து போட்ட சிமென்ட் அடிவரை எல்லா இடுக்குகளையும் நிரப்பியதா என்பதை அடியிலிருந்துதான் உறுதிசெய்ய முடியும். சாய்வாகத் துளைத்துச் சென்று, கடல்மட்டத்துக்கு 5 கிலோமீட்டருக்கும் கீழே, ஒரு சாண் அகலமே உள்ள இலக்கைத் தொட வேண்டும். பாறைக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, பழைய கிணற்றின் எஃகுக் குழாயைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை அளந்து, அதைப் பின்பற்றியே துரப்பணத்தைத் திருப்புகிறார்கள். 2009-இல் ஆஸ்திரேலியாவுக்கு அப்பால் கடலில் இதேபோல் பீறிட்ட மொன்டாரா கிணற்றில் ஐந்தாவது முயற்சியில்தான் இலக்கு கிடைத்தது. மக்கோண்டோவில் செப்டம்பர் நடுவில் துணைக் கிணறு போய்ச் சேர்ந்தது. அதன் வழியே சிமென்ட் செலுத்தி, செப்டம்பர் 19 அன்றுதான் கிணறு முற்றிலும் அடைபட்டதாக அறிவித்தார்கள்.